டர்பன்ல இருந்துக்கிட்டே கர்நாடக சங்கீதப் பாடகியா வாழ முடியுமா, கோயில்லயும் ஸ்கூல்லயும் இலவசமா பாடறது எதுக்காவது உதவுமா?

கேள்வியை நான் புரிஞ்சுக்கிட்ட மாதிரி ஒரு தடவை திருப்பிச் சொல்லிடறேன், தப்பா இருந்தா சொல்லுங்க. உங்க பொண்ணுக்கு 21 வயசு, தென்னாப்பிரிக்காவுல இந்த டர்பன்லயே பொறந்து வளர்ந்தவ, நீங்க கல்யாணம் ஆகி மதுரைப் பக்கம் இருந்து இங்க வந்தவங்க. சின்ன வயசுல இருந்தே பாட்டு கத்துக்கறா, சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ், டோங்காட்னு எந்தக் கோயில்ல கூப்பிட்டாலும் போய்ப் பாடறா, முதியோர் இல்லத்துக்குப் போறா, ஸ்கூல்ல பிள்ளைங்களுக்குப் பாடிக் காட்டறா, எதுக்கும் காசு வாங்கறதில்ல. இந்த வருஷம் டிகிரி முடியுது, இனிமே இதுதான் என் வேலைன்னு நிக்கறா, வீட்டுக்காரர் ஒத்துக்கல. நீங்க எழுதிக் கேட்டது ரெண்டு கேள்வி, சென்னைக்கு அனுப்பணுமா, இந்த இலவசப் பாட்டெல்லாம் அவ முன்னுக்கு வர உதவுமா இல்ல காலவிரயமா. ஆனா அடியில இருக்கற கேள்வி மூணாவது ஒண்ணு, இந்த ஊர்ல இதை நம்பி ஒரு பொண்ணு சாப்பிட முடியுமாங்கறது. அவங்கப்பாவோட கேள்வியும் அதாத்தான் இருக்கும், அதுல இருந்தே ஆரம்பிக்கறேன்.

நான் பாடகி இல்ல, வயலின் வாசிக்கறவ. சென்னைல கத்துக்கிட்டு அங்க பக்கவாத்தியம் வாசிச்சிட்டு இருந்தேன், அப்புறம் இந்த ஊருக்கு வந்து பல வருஷமா சொல்லிக் கொடுக்கறேன், கூப்பிட்டா வாசிக்கறேன். பாடறவங்களுக்குப் பக்கத்துலயே உக்காந்து பழகினதால எது நல்லா வளருது எது எங்க நின்னு போகுதுன்னு கொஞ்சம் தெரியும். உங்க பொண்ணு குரலை நான் கேட்டதில்ல, அதனால அவளுக்கு அந்தத் தரம் இருக்கா இல்லையான்னு ஒரு வார்த்தை கூட சொல்ல மாட்டேன், அதை நேர்ல உக்காந்து கேக்கற ஒரு வித்வான் சொல்லணும். இந்த ஊர் நிலைமையும் இந்தத் தொழிலோட நடைமுறையும் தெரியும், அதை மட்டும் சொல்றேன்.

முதல்ல சந்தேகமே இல்லாதது. கச்சேரி வருமானத்தை மட்டும் வச்சு டர்பன்ல வாழ முடியாது. சென்னையிலயே முடியாது, மார்கழி சீசன்ல பேர் அடிபடற இளம் பாடகர்கள்ல பல பேர் பகல்ல ஆபீஸ் வேலையோ ராத்திரி அமெரிக்கப் பிள்ளைங்களுக்கு ஆன்லைன் கிளாஸோ வச்சுக்கிட்டுத்தான் ஓட்டறாங்க. இங்க முழுக் கச்சேரி, அதாவது வர்ணத்துல ஆரம்பிச்சு ஒரு ராகத்தை எடுத்து வார்த்தையும் தாளமும் இல்லாம விஸ்தாரமா ஆலாபனை பண்ணி நிரவல், ஸ்வரம், தனி ஆவர்த்தனம், துக்கடா, மங்களம்னு ரெண்டு ரெண்டரை மணி நேரம் போறது, வருஷத்துக்கு எத்தனை நடக்குதுன்னு விரல் விட்டு எண்ணிடலாம். அதுலயும் பாதிக்கு மேல இந்தியால இருந்து வர்றவங்க பாடறது. அப்ப சோறு எங்க இருந்து வரும்னா கிளாஸ்ல இருந்து வரும், கல்யாணம் கிரகப்பிரவேசத்துல இருந்து கொஞ்சம் வரும், இன்னொண்ணு இருக்கு, அதைப் பல பேர் யோசிக்கறதே இல்ல, டான்ஸுக்குப் பாடறது.

இங்க பரதநாட்டிய கிளாஸ் பாட்டு கிளாஸை விட ரொம்ப அதிகம், உங்களுக்கே தெரியும். அரங்கேற்றம்னு வந்தா நட்டுவாங்கம் (ஜதி சொல்லித் தாளம் போட்டு ஆட வைக்கறது), பாட்டு, மிருதங்கம், வயலின்னு ஒரு செட்டையே சென்னைல இருந்து வரவழைக்கறாங்க, டிக்கெட், விசா, தங்கற இடம்னு செலவு கிறுகிறுன்னு ஏறுது, முடியாதவங்க ரெக்கார்டிங் போட்டு ஆட விட்டுடறாங்க. உள்ளூர்லயே ஜதி முடிஞ்சு எடுப்புல, அதாவது பாட்டு தொடங்கற இடத்துல, கரெக்டா எடுக்கத் தெரிஞ்ச, சஞ்சாரிக்கு, அதாவது ஒரு வரியை அபிநயத்துல விரிக்கற இடத்துக்கு, ஒரே வரியை அலுக்காம பத்து விதமா பாடத் தெரிஞ்ச ஒரு குரல் இருந்தா டான்ஸ் டீச்சருங்க விட மாட்டாங்க. ஆனா இதுக்கும் ஒரு விலை உண்டு. டான்ஸ்ல காலப்பிரமாணம், அதாவது பாட்டோட வேகம், ஆடறவ கையில, எங்க நிறுத்தணும் எங்க இழுக்கணும்னு நட்டுவனார் முடிவு பண்றாங்க, வருஷக்கணக்கா அதையே பாடின குரல் தனிக் கச்சேரில உக்காந்தா யாரோ கண் காட்டற வரைக்கும் காத்துக்கிட்டு இருக்கற மாதிரி ஆயிடும். நான் வயலின் வச்சுக்கிட்டுப் பக்கத்துல உக்காந்து இதைப் பார்த்திருக்கேன். அதனால டான்ஸ் பாட்டு வருமானத்துக்கு வச்சுக்கட்டும், வாரத்துல பாதி நாளுக்கு மேல அதுக்குப் போகக் கூடாது.

இப்ப ஏன் இங்க கச்சேரிக்கு ஆள் வர்றதில்லங்கறது. சனங்களுக்கு ரசனை இல்லன்னு சொல்றவங்க பேச்சை நான் ஒத்துக்கறதில்ல, அது வரலாறு தெரியாம பேசறது. 1860 நவம்பர் 16ஆம் தேதி ஒப்பந்தக் கூலிக்காரங்களை ஏத்திக்கிட்டு ட்ரூரோ கப்பல் மெட்ராஸ்ல இருந்து வந்து டர்பன்ல நின்னுச்சு, 1911 வரைக்கும் ஒண்ணரை லட்சம் பேருக்கு மேல வந்தாங்க, அதுல பெரும்பகுதி தமிழும் தெலுங்கும் பேசினவங்க. கரும்புத் தோட்டத்துக்கு வந்தவங்க கூட தெருக்கூத்து வந்துச்சு, பஜனை வந்துச்சு, காவடியும் உடுக்கையும் வந்துச்சு. கச்சேரி வரல, வர்றதுக்கு வழியும் இல்ல, இன்னைக்கு நாம கச்சேரின்னு சொல்ற அந்த வரிசையே அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் காலத்துலதான் அங்கயே நிலைச்சுச்சு. அதுக்கப்புறம் 1946ல இந்தியா தென்னாப்பிரிக்காவோட வியாபாரத்தை நிறுத்துச்சு, இந்தியப் பாஸ்போர்ட்லயே இந்த நாட்டுக்குச் செல்லாதுன்னு அச்சடிச்சிருந்த காலம், 1993ல ராஜாங்க உறவு திரும்ப வர்ற வரைக்கும் வித்வான்கள் வந்து பாடறதுங்கறது பெரும்பாலும் நடக்காத காரியம். அங்க செம்மங்குடியும் எம்.எஸ்ஸும் டி.கே.பட்டம்மாளும் எம்.எல்.வசந்தகுமாரியும் உச்சத்துல இருந்த அத்தனை வருஷமும் இங்க சங்கீதம்னு வந்து சேர்ந்தது கிராமஃபோன் தட்டும் சினிமாவும்தான். அதையும் மீறி சில பேர் இந்தியா போய் கத்துக்கிட்டு வந்தாங்க, டர்பன்-வெஸ்ட்வில் யுனிவர்சிட்டில இந்திய இசைக்குன்னே ஒரு துறை இருந்துச்சு, அதுல படிச்சவங்கதான் இன்னைக்கும் இங்க பல பேருக்கு டீச்சர். 2004ல அந்த யுனிவர்சிட்டி நேட்டால் யுனிவர்சிட்டியோட சேர்ந்து குவாசுலு-நேட்டால் யுனிவர்சிட்டி ஆச்சு. இதையெல்லாம் எதுக்கு இழுக்கறேன்னா, இங்க உக்காந்திருக்கற ஒரு பாட்டிம்மாவுக்கு ஆலாபனை பிடிக்காததுக்குக் காரணம் அவங்க அதை யார்கிட்டயும் பழகினதே இல்லங்கறதுதான். பழக்கினா வருது, அதை நான் கண்ணால பார்த்திருக்கேன்.

அதனால உங்க ரெண்டாவது கேள்விக்கு என் பதில், இந்த ஊர்ல அந்த இலவசப் பாட்டெல்லாம் கேரியருக்குப் பக்கத்துல பண்ற தர்ம காரியம் இல்ல, கேரியரோட அஸ்திவாரமே அதுதான். சென்னைல ரசிகரை யாரோ நூறு வருஷமா தயார் பண்ணி வச்சிருக்காங்க, பாடறவ வந்து பாடினா போதும். இங்க பாடறவளே கேக்கறவங்களையும் உண்டாக்கணும், பக்கவாத்தியத்தையும் உண்டாக்கணும். ஆனா இப்ப உங்க பொண்ணு பண்ற விதத்துல அது நடக்குமாங்கறது வேற கேள்வி, நீங்க எழுதினதை வச்சுப் பார்த்தா நடக்காதுன்னுதான் எனக்குத் தோணுது. கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் போய், ஒவ்வொரு இடத்துலயும் பத்து நிமிஷம் பாடிட்டு, அடுத்த வருஷம் அதே நாள் திரும்பப் போனா அவளுக்குப் பேர் வரும், பொறுமையா உக்காந்து கேக்கற ஒரு ஆள் கூட புதுசா வர மாட்டாங்க.

கோயிலை எடுத்துக்கோங்க. காவடி, மாரியம்மன் கூழ் ஊத்தறது, புரட்டாசி சனிக்கிழமை, குட் ஃப்ரைடேக்கு இசிப்பிங்கோ மாரியம்மன் கோயில் கூட்டம், வருஷம் முழுக்க மேடை இருக்கு. நல்ல விஷயம்தான், பயம் போகும், குரல் வெளிய வரும். ஆனா அங்க சூழ்நிலை எப்படின்னு உங்களுக்குத் தெரியும், ஒரு பக்கம் மேளம், ஒரு பக்கம் மைக்ல அறிவிப்பு, தம்புரா காதுலயே விழாது, அந்தச் சத்தத்தை ஜெயிக்கறதுக்காகப் பிள்ளைங்க சுருதியை அரைக் கட்டை ஏத்திக்கிட்டுக் கத்த ஆரம்பிக்கும். அப்படியே போனா எல்லாருக்கும் தெரிஞ்ச அதே எட்டுப் பாட்டுல வண்டி நின்னு போகும், மனோதர்மம், அதாவது அப்பப்ப சொந்தக் கற்பனைல பாடற திறமை, சுருங்கிப் போகும். இதுக்கு நான் எல்லாருக்கும் சொல்ற ஒரே வழி விருத்தம். தேவாரத்துல ஒரு பாட்டோ திருப்புகழ்ல ஒரு பாட்டோ எடுத்து, தாளம் இல்லாம, ராகத்தை விரிச்சு அஞ்சு நிமிஷம் பாடச் சொல்லுங்க. சனங்களுக்கு அது சாமி பாட்டு, வார்த்தை பழகினது, அதனால எழுந்து போக மாட்டாங்க, ஆனா அவங்க கேட்டுக்கிட்டு இருக்கறது முழுக்க முழுக்க ஆலாபனை. பாடறதுக்கு முன்னாடி ரெண்டு வரி இங்கிலீஷ்ல, இது இன்ன ராகம், இந்த இடத்துல இப்படி வளையும், கவனிங்கன்னு சொல்லட்டும். தமிழ்ல சொன்னா நமக்குத்தான் திருப்தி, எதிர்ல உக்காந்திருக்கற இளசுங்க பாட்டுப் புத்தகத்தையே இங்கிலீஷ் எழுத்துல வச்சுத்தான் பாடுதுங்க. அதுக்காக வருத்தப்பட்டு ஒண்ணும் ஆகப்போறதில்ல.

அப்புறம் பத்துக் கோயிலுக்குப் பதிலா ஒரு இடம். ஒரு தமிழ் ஸ்கூல் ஹாலோ, யாராவது வீட்டு பெரிய ஹாலோ, மாசம் ஒரு தடவை, அதே கிழமை, அதே நேரம், முப்பது பேர் வந்தா போதும். முதல் மாசம் முக்கால் மணி நேரம், ஆறாவது மாசம் ஒண்ணேகால் மணி நேரம். திரும்பத் திரும்ப அதே ஆளுங்க வந்து உக்காந்தாத்தான் காது தயாராகும், இது என் அனுபவத்துல உறுதியா சொல்லக்கூடிய விஷயம். கூட்டத்தைப் பார்த்து மயங்கக் கூடாது, காவடிக்கு நிக்கற ஆயிரம் பேர் அவளோட ரசிகர் இல்ல, முருகனோட ரசிகர். தெலுங்குக் குடும்பங்களையும் மறக்காதீங்க, தியாகராஜரோட மொழி அவங்க பாட்டன் பூட்டன் மொழி, ஜனவரி பக்கத்துல ஆராதனை மாதிரி ஒண்ணு வச்சு எல்லாரையும் சேர்த்துப் பாட வச்சா அவங்க வந்து உக்காருவாங்க.

சேவைன்னு பேச்சு வந்தாலே எல்லாரும் ரெண்டு பேரைச் சொல்வாங்க. எம்.எஸ்.சுப்புலட்சுமிக்கு 1974ல மகசேசே விருது கொடுத்தாங்க, டி.எம்.கிருஷ்ணாவுக்கு 2016ல கொடுத்தாங்க. எம்.எஸ். பாடிச் சம்பாதிச்சதை எத்தனையோ நல்ல காரியத்துக்குக் கொடுத்தவங்க, கிருஷ்ணா பெசன்ட் நகர் பக்கத்துல ஊரூர் ஆல்காட் குப்பத்துல விழா நடத்தி, சபாவுக்குள்ள வராதவங்க இருக்கற இடத்துக்குக் கச்சேரியைக் கொண்டு போனவர். ரெண்டும் பெரிய காரியம். ஆனா ரெண்டு பேரும் அதைப் பண்ணும்போது ஏற்கெனவே உச்சத்துல இருந்தவங்க, சாதகம், அதாவது தினப் பயிற்சி, எல்லாம் முடிச்சு கையில வித்தை இருந்தது, அவங்க எங்க பாடினாலும் வித்தை குறையப் போறதில்ல. 21 வயசுப் பொண்ணுக்கு அப்படி இல்ல. காலைல ரெண்டு மணி நேரம் அகாரமும் வர்ணம் ரெண்டு காலமும் போகாம, மத்தியானம் ஸ்கூல், சாயங்காலம் கோயில்னு ஓடினா மூணு வருஷத்துல சேவைக்குக் கொண்டு போறதுக்கே கையில ஒண்ணும் இருக்காது. சாதகம் முடிஞ்ச பிறகுதான் வெளி வேலை, இதுல சலுகையே கிடையாது.

ஸ்கூல் விஷயத்துல எனக்கு நிறைய ஆசை, அதனால கொஞ்சம் நீளமா எழுதறேன். நம்ம பிள்ளைங்க படிக்கற ஸ்கூலுக்கு மட்டும் போகாதீங்க, சூலு பிள்ளைங்க அதிகமா இருக்கற ஸ்கூலுக்கும் அனுப்புங்க. இந்த நாட்டுல காயர் பாட்டுன்னா உயிர், லேடிஸ்மித் ஊர்ல இருந்து உலகம் பூரா போய் ஐசிகாதமியாங்கற சூலு காயர் பாட்டு பாடினவங்க இதே மாகாணத்துக்காரங்கதான். பக்கவாத்தியமே இல்லாம சுருதி பிடிச்சுப் பாடற பழக்கம் அந்தப் பிள்ளைங்களுக்குச் சின்ன வயசுலயே இருக்கு. அதுக்கும் மேல ஒரு விஷயம், இங்க காயர்கள் நிறைய டானிக் சோல்ஃபா முறையில எழுதிப் படிக்கறாங்க, டோ ரே மி ஃபா சோ லா டி, அதுல டோ எந்த உயரத்துலயும் வரலாம், பாட்டுக்கு ஏத்த மாதிரி நகரும். நம்ம ஆதார ஷட்ஜமும், அதான் பாடறவ குரலுக்கு ஏத்த மாதிரி வச்சுக்கற சா-வும், அதேதானே. நம்ம பிள்ளைங்க வெஸ்டர்ன் பியானோ கிளாஸ் போயிட்டு வந்து, சா-ன்னா எந்தக் கட்டைன்னு குழம்பற இடத்துல, அந்தப் பிள்ளைங்க ஒரு நிமிஷத்துல பிடிச்சுக்கும். மாயாமாளவகௌளை ராகத்துல சரளி வரிசையை, அதாவது ஆரம்பப் பாடத்தை, டோ ரே மி-யோட பக்கத்துல வச்சுப் பாடிக் காட்டி, ரி-யும் த-வும் எங்க கீழ இறங்குதுன்னு கேட்டா க்ளாஸே சேர்ந்து பாடிக் காட்டும். அதுக்கப்புறம் கொன்னக்கோல், வாயாலயே தாளச் சொற்கட்டு சொல்றது, தகதிமி தகஜுணு, கையில ஆதி தாளம். அரை மணி நேரத்துல வாத்தியாரே சேர்ந்து தட்டிட்டு இருப்பார். நம்ம ஆளுங்க இந்த இடத்துல பண்றது என்னன்னா பட்டுப்புடவை கட்டிக்கிட்டுப் போய் நம்ம பாரம்பரியம் எவ்வளவு பழசுன்னு லெக்சர் கொடுக்கறது, பிள்ளைங்க கொட்டாவி விடும். பாட வைங்க, லெக்சர் வேணாம்.

ஸ்கூலுக்குப் போறதுல சட்டப் பக்கம் ஒண்ணு, பிள்ளைங்களோட வேலை பண்றவங்க குழந்தைகள் பாதுகாப்புப் பதிவேட்டுல தன் பேர் இல்லன்னு சான்று வாங்கணும், அதுக்கு ஃபார்ம் 30. சில ஸ்கூல் கேக்க மாட்டாங்க, இருந்தாலும் முன்கூட்டியே வாங்கி வச்சுக்கட்டும், கிளாஸ் ஆரம்பிச்சா எப்படியும் வேணும்.

முதியோர் இல்லம் பத்தி அதிகம் சொல்ல ஒண்ணும் இல்ல, போகட்டும், மாசம் ஒரு தடவை. பேரப்பிள்ளைங்களோட தமிழ் பேச முடியாதவங்க, பழைய பாட்டுல ஒரு வரி எடுத்தா முழுசா கூடவே பாடுவாங்க. அங்க கேரியர் கணக்கெல்லாம் பார்க்காதீங்க.

நான் ரொம்ப முக்கியம்னு நினைக்கற விஷயத்தை இப்ப சொல்றேன், பக்கவாத்தியம். இந்த ஊர்ல பாட வந்த பிள்ளைங்க வளராம போறதுக்கு முதல் காரணம் குரலும் இல்ல மேடையும் இல்ல, பக்கத்துல வயலினும் மிருதங்கமும் இல்லாததுதான். ஆப்ல தம்புராவைப் போட்டுக்கிட்டுத் தனியா ஆலாபனை பண்ணலாம், ஆனா கற்பனாஸ்வரம், அதாவது அப்பவே கற்பனை பண்ணி ஸ்வரம், பாடும்போது வயலின் திருப்பிப் பதில் சொல்லணும், கோர்வையை, அதாவது முடிக்கற தாளக் கணக்கை, மிருதங்கம் பிடிச்சு முடிச்சுக் கொடுக்கணும், அந்தச் சண்டையும் சமாதானமும் இல்லாம வீட்டுல பாடிட்டே இருக்கற பொண்ணு முதல் தடவை நல்ல பக்கவாத்தியத்தோட உக்காரும்போது திணறிப் போயிடுவா. இங்க நல்லா வாசிக்கறவங்க சில பேர் இருக்கோம், எல்லாருக்கும் வேலை, எல்லாருக்கும் தூரம், ஜோகன்னஸ்பர்க்ல இருந்து ஒருத்தரைக் கூப்பிட்டா ஆறு மணி நேரம் கார்ல வரணும். அதனால உங்க பொண்ணு பண்ற வெளி வேலைல ஒரு பங்கு இதுக்குப் போகட்டும். ஸ்கூல்லயோ கோயில்லயோ தாளம் நல்லா வர்ற ஒரு பையனைப் பார்த்தா, மிருதங்க கிளாஸ்ல சேர்த்துவிட்டு, பீஸ் கட்ட முடியலன்னா நாலு குடும்பத்தைப் பிடிச்சு கட்ட வைக்கட்டும். மிருதங்கம் வாங்கறதும் பழுது பார்க்கறதும் இங்க பெரிய தலைவலி, டர்பன் ஈரக் காத்துல தோல் ஒரு மாதிரி, ஜோகன்னஸ்பர்க் காய்ஞ்ச காத்துல வேற மாதிரி, வலந்தலை (வலது பக்கத் தோல்) போச்சுன்னா சரி பண்ண ஆள் தேடணும், ஊருக்குப் போறவங்க கையில கொடுத்தனுப்பணும். இருந்தாலும் அஞ்சு வருஷம் கழிச்சு அவளுக்குன்னு ஒரு செட் இருக்கும். அது எந்த விருதையும் விடப் பெரிசு.

காசு வாங்காம பாடறது பத்தி நீங்க தயங்கித் தயங்கி எழுதியிருந்தீங்க. தயக்கமே வேணாம். முதியோர் இல்லம், அரசாங்க ஸ்கூல், இதுக்கு இலவசம். கமிட்டி வச்சு பந்தல் போட்டு நடத்தற விழாவுக்கு இலவசம் கிடையாது. மைக்செட்காரருக்குக் காசு, சமையலுக்குக் காசு, பூவுக்குக் காசு, பாடறவளுக்கு மட்டும் சால்வைன்னா என்ன நியாயம். பொண்ணுக்குக் கேக்கக் கூச்சமா இருந்தா முதல்ல பக்கவாத்தியக்காரங்களுக்கும் பெட்ரோலுக்கும் மட்டும் கேக்கட்டும், அதுக்கு யாரும் மூஞ்சி காட்ட மாட்டாங்க, ஒரு வருஷம் கழிச்சு தனக்கும் சேர்த்துக் கேக்கலாம். அப்பாவோ நீங்களோ பேசாதீங்க, அம்மா போன் பண்ணிக் காசு கேட்டாங்கங்கற பேச்சு இந்த ஊர்ல ஒரே நாள்ல பரவிடும்.

அரசாங்க நிதி பத்தி நடுத்தரமா நம்பிக்கை வைங்க. நேஷனல் ஆர்ட்ஸ் கவுன்சில் 1997 சட்டப்படி வந்தது, அப்பப்ப விண்ணப்பம் கேப்பாங்க, லாட்டரி கமிஷனும் கலைக்குக் கொடுக்கும், மாகாணக் கலைத் துறையும் இருக்கு. கிடைக்குமாங்கறது வேற, ஆனா கிடைக்கறவங்க எல்லாருக்கும் பொதுவா இருக்கறது காகிதம். எந்த ஸ்கூல், எந்தத் தேதி, எத்தனை பிள்ளைங்க, ஹெட்மாஸ்டர் கொடுத்த லெட்டர், நாலு போட்டோ, இதையெல்லாம் இப்ப இருந்தே ஒரு ஃபைல்ல போட்டு வரட்டும். நம்ம சமூகத்துக்குள்ள மட்டும் சுத்தற வேலையை விட, மத்த பிள்ளைங்களையும் தொடற வேலைக்கு அங்க மதிப்பு அதிகம். தனியாளா கேக்கறதை விட நாலு பேர் சேர்ந்து லாப நோக்கமில்லாத அமைப்பா பதிவு பண்ணி, வரி விலக்குக்கான 18ஏ அனுமதியும் வாங்கிட்டா கடைக்காரங்க கம்பெனிக்காரங்க கொடுக்கறதும் சுலபமாகும், அதை ஒரு அக்கவுண்டன்ட் கிட்ட கேட்டுப் பண்ணுங்க.

இப்ப சென்னை. போகணும், ஆனா எல்லாத்தையும் மூட்டை கட்டிக்கிட்டு உடனே இல்ல. கலாக்ஷேத்ரா இருக்கு, அரசு இசைக் கல்லூரி இருக்கு, மெட்ராஸ் யுனிவர்சிட்டில இசைத் துறை இருக்கு, சிதம்பரத்துல அண்ணாமலைப் பல்கலைக்கழகம் இருக்கு, மியூசிக் அகாடமி நடத்தற உயர்நிலைப் பயிற்சி இருக்கு. இந்திய அரசோட கலாசார உறவுகள் கவுன்சில், ஐசிசிஆர், கொடுக்கற ஸ்காலர்ஷிப் வெளிநாட்டுப் பிள்ளைங்களுக்கு சங்கீதத்துக்கும் உண்டு, டர்பன்லயே இந்தியத் தூதரக அலுவலகம் இருக்கு, அங்க போய் இந்த வருஷ விதி என்னன்னு கேளுங்க, வருஷா வருஷம் மாறும். நீங்க இந்தியால பொறந்தவங்கங்கறதால அவளுக்கு ஓசிஐ, அதாவது வெளிநாட்டுல இருக்கற இந்திய வம்சாவளிக்காரங்களுக்கான அட்டை, வாங்க வழி இருக்கும், அதையும் அங்கயே கேளுங்க. ஆனா டிப்ளமாவுக்குப் போறதா, ஒரு குருகிட்ட போறதான்னா என் ஓட்டு குருவுக்கு. முதல்ல ஒரு வருஷம் ஆன்லைன்ல பழகட்டும். நமக்கும் அவங்களுக்கும் மூணரை மணி நேர வித்தியாசம், சென்னைல ராத்திரி ஏழரைன்னா இங்க சாயங்காலம் நாலு, நல்ல நேரம்தான். ஆன்லைன்ல தாளம் சேர்ந்து போடவே முடியாது, சத்தம் தாமதமா வரும், அதனால பாடாந்தரத்துக்கும் (குரு வழியில பாட்டைக் கத்துக்கறது) ராகத்துக்கும் சரி, ஸ்வரத்துக்கு நேர்ல போயே ஆகணும். குரு மனசு ஒத்துப்போச்சுன்னா அடுத்து ஒரு வருஷம் தொடர்ந்து அங்க போய் இருக்கட்டும். இன்னொண்ணு, இப்ப சொல்லிக் கொடுக்கற டீச்சர்கிட்ட சொல்லிட்டு, அவங்க ஆசீர்வாதத்தோட தேடுங்க. அவங்களே ஒரு பேர் சொல்வாங்க, சொன்னா அதுதான் நல்ல வழி. தெரியாம பண்ணினா அவங்களுக்கு அடுத்த வாரமே தெரிஞ்சிடும்.

சீசன்ல ஒரு மேடை கிடைச்சா இங்க மரியாதை கூடுமாங்கறது சந்தேகத்துக்குரிய விஷயம். மத்தியான ஸ்லாட்ல வெளிநாட்டுப் பிள்ளைங்க பாடறாங்க, முன்னாடி பத்துப் பேர், அதுல நாலு பேர் சொந்தக்காரங்க. ஸ்லாட்டுக்கு நன்கொடை கேக்கற இடமும் உண்டு, இதை எல்லாருமே வெளிப்படையா பேசறாங்க, கேட்டா கொடுக்காதீங்க, அந்தக் காசுக்கு மூணு மாசம் குருகிட்ட கத்துக்கலாம். அதே மாதிரி இன்ஸ்டாகிராம்ல ஒரு நிமிஷ வீடியோ போடறதால வாய்ப்பு வருமான்னு கேட்டா, சில பேருக்கு வந்திருக்கு, ஏன் வந்துச்சுன்னு யாராலயும் சொல்ல முடியல. ஃப்யூஷனும் அப்படித்தான், ஜாஸ்காரங்களோட சேர்ந்து பாடினா இந்த ஊர் தியேட்டர்கள்ல மேடை கிடைக்கறது சுலபம், ஆனா ஒரு ராகத்தை இருபது நிமிஷம் தனியா நிறுத்திப் பாட முடியற வரைக்கும் அந்தப் பக்கம் போக வேணாம்னு நான் சொல்வேன், இது என் அபிப்பிராயம், மறுக்கறவங்க உண்டு.

குரல் பத்தி, நான் டாக்டர் இல்ல. ஆனா மைக் இல்லாம ஸ்கூல் ஹால்ல பாடறது, கோயில்ல கத்தறது ரெண்டும் சேர்ந்தா தொண்டை கட்டும். ரெண்டு மூணு வாரத்துக்கு மேல கரகரப்பு போகலன்னா கஷாயத்தை நம்பாம காது மூக்கு தொண்டை டாக்டரைப் பாருங்க.

அவங்கப்பாவுக்கு நீங்க சொல்ல வேண்டியது இது. டிகிரில எடுத்த பாடம் பொருந்தினா ஒரு வருஷம் பிஜிசிஇங்கற ஆசிரியர் பயிற்சிப் படிப்பு படிச்சு டீச்சர் வேலைக்குத் தகுதி வாங்கிக்கலாம், இங்க ஏழாவதுல இருந்து ஒன்பதாவது வரைக்கும் கிரியேட்டிவ் ஆர்ட்ஸ்னு ஒரு பாடமே கட்டாயம் இருக்கு, பாட்டுக்காரிக்கு அது அந்நியமான இடம் இல்ல. மத்தியானம் வேலை முடிஞ்சா சாயங்காலம் கிளாஸ், காலைல சாதகம். இல்ல, முழு நேரமும் பாட்டுதான்னு அவ நின்னா, ரெண்டு வருஷம் டைம் கொடுங்க, மாசா மாசம் வரவு செலவு அவளே எழுதட்டும், மாணவர் எண்ணிக்கை, டான்ஸ் நிகழ்ச்சி, வீட்டுச் செலவுக்கு எவ்வளவு கொடுத்தான்னு. கோபத்துல பேசறதை விட அந்த நோட்டை வச்சுப் பேசறது அப்பாவுக்கும் சுலபம் பொண்ணுக்கும் சுலபம்.

எந்த வழியா இருந்தாலும் இந்த டிசம்பருக்கு அவளைச் சென்னைக்கு அனுப்பிப் பாருங்க, பாடறதுக்கு இல்ல, கேக்கறதுக்கு. நம்ம ஊர் பெரிய லீவும் அவங்க சீசனும் ஒரே நேரத்துல வர்றது நமக்குக் கிடைச்ச அதிர்ஷ்டம். காலைல லெக்-டெம் (பாடிக் காட்டி விளக்கற பேச்சு), மத்தியானம் இலவசக் கச்சேரில சின்னவங்க, சாயங்காலம் ஒரு பெரிய கச்சேரி, மூணு வாரம் இப்படி உக்காந்தா இது தனக்கு வேணுமா வேணாமான்னு அவளுக்கே பாதி தெரிஞ்சிடும். டர்பன்ல இருந்து நேர் ஃப்ளைட் கிடையாது, துபாய் வழியா மாறிப் போறதுதான் வழக்கம், டிசம்பர்ல டிக்கெட் விலை தலை சுத்தும், ஜூன் ஜூலைக்குள்ள எடுத்துடுங்க.